கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத பழைய கணினியும் ஒரு எக்ஸ்ரே அறையும்

சேலத்துக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்தில் ஒரு சின்ன அறக்கட்டளை மருத்துவமனை. எக்ஸ்ரே மெஷின் இருக்கிறது. நன்றாகப் படம் எடுக்கும் டெக்னீஷியன் அக்காவும் இருக்கிறார். எடுத்த படத்தைப் படித்து அறிக்கை எழுதத்தான் ஆள் இல்லை. நகரத்தில் இருக்கும் ரேடியாலஜிஸ்ட் ஒருவர் தன் வேலையெல்லாம் முடித்துவிட்டு ராத்திரி பார்த்துச் சொல்வார். ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, செல்போனில் படம்பிடித்து, வாட்ஸப்பில் அனுப்புவதுதான் அதுவரை நடைமுறை. வாட்ஸப் படத்தைச் சுருக்கிவிடும். ட்யூப்லைட் வெளிச்சம் நுரையீரல் நடுவில் பளபளக்கும். "மறுபடி எடுத்து அனுப்புங்க" என்று பதில் வருவதற்குள் நோயாளி கடைசி பஸ்ஸைப் பிடித்து மலை ஏறியிருப்பார். அவரைத் திரும்ப வரவழைப்பது லேசான காரியம் இல்லை. ஒரு நாள் கூலி போகும் என்று தெரிந்தால் யார்தான் வருவார்கள்?

அந்த எக்ஸ்ரே அறையில் ஒரு பழைய மேசைக் கணினியை வைத்தோம். படம் நேராக டிஜிட்டலாக அதற்குள் வரும். செயற்கை நுண்ணறிவு மாடல் ஒன்று அதை மேலோட்டமாகப் பார்த்து, காசநோய் என்று சந்தேகம் தருபவற்றை வரிசையின் முன்னால் தள்ளும். ரேடியாலஜிஸ்ட் மதிய இடைவேளையில் முதல் சில படங்களை மட்டும் பார்த்துவிடுவார். தேவைப்பட்டால் நோயாளி கிளம்பும் முன்பே சளி மாதிரி வாங்கிவிடலாம். அவ்வளவுதான் திட்டம்.

இந்தப் பதிவு அந்தக் கணினிப் பெட்டியைக் கட்டிய விவரம். ஏஐ பற்றி நிறைய இருக்கும் என்று நினைத்து வருபவர்களுக்கு ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். மாடலை ஓட வைத்தது ஒரு சாயங்கால வேலை. மற்ற நேரமெல்லாம் எந்தப் படத்தைப் படிக்கக் கூடாது என்று அதற்குச் சொல்லிக் கொடுப்பதில்தான் போனது.

எதற்கு நெஞ்சு எக்ஸ்ரே என்று கேட்கலாம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பில், சளியில் கிருமி உறுதியானவர்களில் 42.6 சதவீதம் பேர் எக்ஸ்ரே இல்லாமல் இருமல், காய்ச்சல் என்று அறிகுறிகளை மட்டும் கேட்டிருந்தால் தப்பிப்போயிருப்பார்கள் என்று தெரியவந்தது. அதாவது இருமலே இல்லாத டிபி ஏராளம். 2021-ல் உலக சுகாதார நிறுவனம், 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் நெஞ்சு எக்ஸ்ரேயைக் காசநோய்க்காகச் சலித்தெடுக்க, படிக்கும் மனிதருக்குப் பதிலாகக் கணினி மென்பொருளைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரை செய்தது. மும்பையிலிருந்து வரும் க்யூஎக்ஸ்ஆர், நெதர்லாந்தின் கேட்ஃபோர்டிபி, கொரியாவின் லூனிட் ஆகியவற்றின் தரவுகளைத்தான் அப்போது பார்த்தார்கள். அவை முறையாகச் சோதிக்கப்பட்டவை. உங்கள் மருத்துவமனைக்குக் கட்டுப்படியாகும் என்றால் அதில் ஒன்றை வாங்குங்கள், இந்தப் பதிவை இங்கேயே மூடிவிடலாம்.

சட்ட விஷயம் ஒன்றும் உண்டு. இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் நோயறிய உதவும் மென்பொருளும் மருத்துவக் கருவிக் கணக்கில்தான் வருகிறது. ஆகவே நாங்கள் செய்திருப்பது அறக்கட்டளையின் அனுமதியோடு, அதன் சுவர்களுக்குள் நடக்கும் ஒரு சோதனை ஏற்பாடு. பெட்டி சொன்னதை வைத்து யாருக்கும் மாத்திரை தொடங்குவதில்லை. யாரையும் "ஒன்றுமில்லை" என்று வீட்டுக்கு அனுப்புவதும் இல்லை. எல்லாப் படத்தையும் ரேடியாலஜிஸ்ட் பார்ப்பார். எந்த வரிசையில் பார்ப்பார் என்பது மட்டும்தான் மாறுகிறது.

பெட்டி

அலுவலகத்தில் ஓரங்கட்டிய ஐ5 கணினி, 8 ஜிபி ரேம், கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டேன். கூடவே படங்களைச் சேமிக்க இன்னொரு 1 டிபி டிஸ்க். உபுண்டு 22.04. ஒரு யுபிஎஸ். பயாஸுக்குள் போய், மின்சாரம் போய் வந்தால் தானாகவே ஆன் ஆகும்படி மாற்றிவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் மின்வெட்டுக்கு அடுத்த நாள் காலை யாரோ ஒருவர் உங்களுக்கு போன் செய்வார். சிமாஸ் பேட்டரியையும் மாற்றினேன். கடிகாரம் தப்பாக ஓடினால் படங்களின் தேதியோடு ஒட்டாது, எல்லாம் குழம்பும்.

அங்கே இருப்பது சிஆர் முறை. கேசட்டுக்குள் பாஸ்பர் தகடு இருக்கும். எக்ஸ்ரே பட்ட பிறகு அதை ரீடருக்குள் செருகினால் லேசர் படித்துக் கணினிக்குக் கொடுக்கும். அப்படி வரும் படம் 12 பிட் ஆழம் கொண்டது, ஒன்று சுமார் 10 எம்பி. அத்தனை விவரமும் ஏற்கெனவே அந்த அறைக்குள் இருந்தது. அதை ஃபிலிமில் அச்சடித்து, மறுபடி செல்போனில் படம்பிடித்துத்தான் தொலைத்துக்கொண்டிருந்தார்கள். படத்தை டைகாம் முறையில் (மருத்துவப் படங்களுக்கென்று உள்ள பொதுவான கோப்பு முறை) வெளியே அனுப்பும் வசதி ரீடரில் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. திறக்கத் தனிக் கட்டணம் என்றார்கள். அந்தப் பேச்சுவார்த்தையை இங்கே விவரிக்கப் போவதில்லை. புதிதாக சிஆர் வாங்குபவர்கள் விலைப்பட்டியலில் டைகாம் அனுப்பும் வசதி சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள், அது போதும்.

படங்களை வாங்கிவைக்க ஆர்தாங்க். பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழக மருத்துவமனையில் பிறந்த திறமூல டைகாம் சர்வர் இது. நிறுவச் சில நிமிடம் போதும். 4242 போர்ட்டில் படம் வாங்கும், 8042-ல் உலாவியில் பார்க்கலாம். ரீடருக்கும் இந்தக் கணினிக்கும் நேரடியாக ஒரு கேபிள், இரண்டுக்கும் நிலையான ஐபி. இணையத்துக்கு வேறொரு நெட்வொர்க் கார்டு. ரீடரின் கன்சோலில் பழைய விண்டோஸ் ஓடுகிறது. அதை இணையத்தின் பக்கமே விடக் கூடாது.

முதல் நாளே ஒரு வேடிக்கை. படங்கள் வந்து விழுந்தன, ஆனால் இருபது பேர் எடுத்த இடத்தில் நான்கைந்து நோயாளிகள்தான் தெரிந்தார்கள். அக்கா பல வருடமாக நோயாளி எண்ணாக அன்றன்றைய டோக்கன் எண்ணைப் போட்டுவந்திருக்கிறார். நேற்றும் 7 உண்டு, இன்றும் 7 உண்டு. ஃபிலிமில் பெயர் அச்சாகிவிடுவதால் அதில் யாருக்கும் தொல்லை இருந்ததில்லை. ஆர்தாங்க்கோ நோயாளி எண்ணை வைத்துத்தான் ஆளை அடையாளம் காணும். எண் 7 வந்தவர்கள் எல்லாரும் அதற்கு ஒரே ஆள், மேலே தெரியும் பெயர் முதலில் வந்தவருடையது. செயற்கை நுண்ணறிவு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் முருகேசனின் நுரையீரலை மாரியம்மாள் பெயரில் காட்டினால் என்ன பிரயோஜனம்? பதிவேட்டில் ஏற்கெனவே இருந்த வருடாந்தர ஓ.பி. எண்ணோடு வருடத்தின் கடைசி இரண்டு இலக்கத்தையும் சேர்த்துப் போடச் சொன்னோம். வயதும் பாலினமும் கட்டாயம். அக்காவுக்கு ஒரு படத்துக்குக் கொஞ்ச நேரம் கூடுதல் வேலை. அதை அவர் முணுமுணுக்காமல் செய்ததால்தான் மற்றதெல்லாம் நடந்தது.

இன்னொரு சின்ன மாற்றம். ஒரு நோயாளியின் படங்கள் முழுதாக வந்துவிட்டன என்று ஆர்தாங்க் முடிவு செய்ய, கடைசிப் படத்துக்குப் பின் 60 விநாடி காத்திருக்கும். அதன் பிறகுதான் நம் நிரலைத் தட்டி எழுப்பும். அதைப் பத்து விநாடியாகக் குறைத்தேன். மாடல் ஒரு விநாடிகூட எடுத்துக்கொள்ளாத இடத்தில் காத்திருப்பு ஒரு நிமிடம் என்பது வேண்டாத தாமதம்.

மாடலுக்கு வாய் கிடையாது

மாடலுக்கு டார்ச்எக்ஸ்ரேவிஷன் என்ற பைத்தான் நூலகத்தை எடுத்தேன். ஜோசப் பால் கோயனும் குழுவினரும் உருவாக்கியது, இலவசம். அதிலுள்ள டென்ஸ்நெட்-121 மாடல், பொதுவில் கிடைக்கும் பெரிய தொகுப்புகளை எல்லாம் சேர்த்துப் பயிற்றுவிக்கப்பட்டது. அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகத்தின் 1,12,120 படங்கள், ஸ்டான்ஃபோர்டின் செக்ஸ்பெர்ட், பாஸ்டனின் மிமிக், ஸ்பெயினின் அலிகான்டேயிலிருந்து பேட்செஸ்ட் என்று லட்சக்கணக்கில். 18 விதமான மாற்றங்களுக்கு மதிப்பெண் தரும். சாதாரண சிபியுவில் ஓடும். படம் ஒன்று கொடுத்தேன், 18 எண்கள் வந்தன. ஆகா என்று இருந்தது.

எண்கள் எப்போதுமே வரும் என்பதுதான் பிரச்சினை. தலைகீழாகக் கொடுத்தாலும் வரும். முழங்கால் படத்தைக் கொடுத்தால், அதற்கும் இதய வீக்கம் இவ்வளவு, நுரையீரலில் நீர் இவ்வளவு என்று கூச்சமில்லாமல் சொல்லும். எங்கள் அறையில் இது கற்பனை ஆபத்து இல்லை. கன்சோல் திறந்ததும் "நெஞ்சு" என்ற மெனுதான் முதலில் நிற்கும். அவசரத்தில் கை முறிவு, இடுப்பு எல்லாம் அதே மெனுவில் எடுக்கப்பட்டிருந்தன. டைகாம் கோப்பில் "உடல் பகுதி: நெஞ்சு" என்று இருப்பதை நம்பி வேலை செய்ய முடியாது.

அடுத்தது நிறம். டைகாமில் இரண்டு வகைக் கறுப்பு வெள்ளை உண்டு. ஒன்றில் சிறிய எண் கறுப்பு, இன்னொன்றில் சிறிய எண் வெள்ளை. சிஆர் ரீடர்கள் பல இரண்டாவது வகையில் அனுப்பும். பார்க்கும் மென்பொருள் அதைத் தானாகவே திருப்பிக் காட்டிவிடுவதால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. நம் நிரல் மூல எண்களை எடுத்துக் கொடுத்தால், காற்று நிறைந்த நுரையீரல் வெள்ளையாகவும் எலும்பு கறுப்பாகவும் மாடலுக்குப் போகும். அப்போதும் 18 எண்கள் வரும். பார்த்தால் நம்பும்படியாகவே இருக்கும்.

எண்களின் அளவுகோலிலும் இதே மாதிரி ஒரு குழி. படம் 16 பிட் இடத்தில் வைக்கப்பட்டிருக்கும், ஆனால் உண்மையில் பயன்படுவது 12 பிட். அதாவது உச்ச எண் 4095. உச்சம் 255 என்று சொன்னால் நூலகம் பிழை காட்டி நின்றுவிடும், அது நல்லது. 65535 என்று சொன்னால் ஒன்றும் சொல்லாது. படம் முழுக்க இருட்டான ஒரு மூலைக்குள் நசுங்கிப் போகும். மாடல் அந்த இருட்டைப் படித்துச் சாந்தமாக எண்கள் கொடுக்கும். கோப்பில் எத்தனை பிட் என்ற குறிப்பு தனியாக இருக்கிறது, அதைப் படித்துக் கணக்கிடுங்கள்.

இவையெல்லாம் டைகாம் தெரிந்தவர்களுக்குப் பழகியவை. நான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே அடுத்த விஷயம்தான். மாடலுக்குச் சதுரப் படம் வேண்டும், 224-க்கு 224. நூலகத்தின் வழக்கமான முறை, நடுவில் ஒரு சதுரத்தை வெட்டி அதைச் சுருக்குவது. எங்கள் கேசட் 35-க்கு 43 சென்டிமீட்டர், நிமிர்த்தி வைத்து எடுப்பார்கள். நடுச் சதுரம் வெட்டினால் மேலே 4 சென்டிமீட்டர், கீழே 4 சென்டிமீட்டர் போய்விடும். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோய் அதிகம் தங்கும் இடம் எது? மேல் பகுதி. காறை எலும்புக்குப் பின்னாலும் மேலேயும் இருக்கும் நுனி. கேசட்டைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்திருந்தால் நாம் எதைத் தேடுகிறோமோ அந்த இடத்தையே வெட்டி எறிந்துவிட்டு, மீதியில் தேடச் சொல்கிறோம். கீழே வெட்டுப்படுவதும் லேசுப்பட்டதல்ல. நுரையீரல் உறையில் நீர் கோத்தால் முதலில் தெரிவது அடியில் இருக்கும் கூரான மூலையில்தான்.

இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை ஒட்டிச் சதுரமாக்கிப் பார்த்தேன். நெஞ்சு சின்னதாகிவிட்டது, மதிப்பெண்கள் ஆட ஆரம்பித்தன. பயிற்சியில் பார்த்த அளவிலேயே நெஞ்சு தெரிய வேண்டும். அதனால் இப்போது மேல் விளிம்பை ஒட்டி ஒரு சதுரம், கீழ் விளிம்பை ஒட்டி ஒரு சதுரம் என்று இரண்டு வெட்டி, இரண்டையும் தனித்தனியாக ஓட்டி, எதில் மதிப்பெண் அதிகமோ அதை எடுத்துக்கொள்கிறோம். செலவு ஒரு விநாடி.

224 புள்ளிக்குச் சுருக்குவதில் தப்ப முடியாத இழப்பு ஒன்று உண்டு. 35 சென்டிமீட்டரை 224-ஆல் வகுத்தால் ஒரு புள்ளி சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். ரத்தம் வழியாகப் பரவும் மிலியரி வகைக் காசநோயில் நுரையீரல் முழுக்கத் தூவினாற்போல் வரும் பொட்டுகள் 1 முதல் 3 மில்லிமீட்டர். சுருக்கத்தில் அவை கரைந்து, படம் லேசாகப் புகை படிந்தது போல ஆகிவிடும். இந்த நோயாளிகள் பெரும்பாலும் பார்த்தாலே தெரியுமளவு உடம்பு சரியில்லாமல் வருவார்கள் என்பது ஒரு ஆறுதல். இருந்தாலும் டாக்டரிடம் இதை எழுதியே கொடுத்துவிட்டேன்: காய்ச்சலோடு மெலிந்து வருபவரின் மதிப்பெண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள் என்று.

மறுக்கச் சொல்லிக் கொடுத்தது

அதே நூலகத்தில் இன்னொரு மாடல் இருக்கிறது. படத்தில் இடது நுரையீரல், வலது நுரையீரல், இதயம், காறை எலும்பு, முதுகெலும்பு என்று 14 உறுப்புகளைப் பிரித்து வண்ணமடித்துக் காட்டும். நோயைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அதைத்தான் வாசல் காவலுக்கு நிறுத்தினேன். இரண்டு நுரையீரலும் படத்தில் போதுமான பரப்பில் தெரிய வேண்டும். இதயம் அவற்றுக்கு நடுவில் இருக்க வேண்டும். நுரையீரலின் எல்லை படத்தின் விளிம்பைத் தொட்டு வெட்டுப்பட்டிருக்கக் கூடாது. இதில் ஒன்று தவறினாலும் "படிக்கவில்லை" என்று எழுதி, காரணத்தையும் எழுதிவிடும். பக்கவாட்டுப் படம், முழங்கால், நிறம் திரும்பிய படம் எல்லாமே பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகின்றன. வயது 15-க்குக் கீழே என்றால் பார்க்காமலே "படிக்கவில்லை". வயது எழுதாமல் விட்டாலும் அதே பதில்தான்.

நாங்கள் எதிர்பார்க்காத லாபம் இங்கே வந்தது. நுரையீரல் நுனி வெட்டுப்பட்ட படம் என்று பெட்டி உடனே சொல்வதால், ஆள் இன்னும் ஸ்டாண்டின் முன்னால் சட்டையில்லாமல் நிற்கும்போதே அக்காவுக்குத் தெரிந்துவிடுகிறது. திரும்ப எடுப்பதா, இதுவே போதுமா என்பதை அவர் முடிவு செய்வார். கூடுதல் கதிர்வீச்சு அல்லவா, அதைக் கணினியின் கையில் கொடுக்க முடியாது.

டிபி அந்தப் பதினெட்டில் இல்லை

அந்த 18 பெயர்களில் காசநோய் கிடையாது. பயிற்சிப் படங்கள் வந்த பெரிய மருத்துவமனைகளில் அது அரிது. ஆனால் மாடலின் உள்ளே, கடைசி அடுக்குக்கு முன்னால், ஒவ்வொரு படத்துக்கும் 1,024 எண்கள் உருவாகின்றன. அவற்றை எடுத்து, மேலே ஒரு எளிய லாஜிஸ்டிக் ரிக்ரஷன் (எண்களுக்கு எடை போட்டு ஒரே மதிப்பெண்ணாக்கும் கணக்கு) போட்டால் டிபிக்கென்று ஒரு மதிப்பெண் செய்துகொள்ளலாம். இதற்குப் படம் வேண்டுமே? அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் ஆராய்ச்சிக்கென இரண்டு தொகுப்புகளைப் பொதுவில் வைத்திருக்கிறது. சீனாவின் ஷென்சென் மருத்துவமனையிலிருந்து 662 படங்கள், அதில் டிபி 336. மேரிலாந்தின் மாண்ட்கோமரி கவுண்டியிலிருந்து 138 படங்கள், டிபி 58.

ஷென்சென்னில் கற்பித்து ஷென்சென்னிலேயே ஒதுக்கிவைத்த படங்களில் சோதித்தால் பிரமாதமாக வந்தது. அதே மாடலை மாண்ட்கோமரியில் ஓட்டினால் இறங்கியது. எங்கள் சிஆர் படங்களில் இன்னும் இறங்கியது. இது எதிர்பார்த்ததுதான். 2018-ல் ஜான் ஸெக் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், நிமோனியா தேடக் கற்பித்த மாடல், படம் எந்த மருத்துவமனையில் எடுத்தது என்பதையும் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டிருந்தது. மூலையில் டெக்னீஷியன் வைக்கும் உலோக எழுத்துகூட அதற்கு ஒரு துப்பு. எங்கள் படங்களிலும் ஒரு மூலையில் மருத்துவமனைப் பெயர் வெள்ளையாகப் பதிந்திருக்கும். நுரையீரல் பிரிக்கும் மாடல் காட்டும் எல்லைக்குக் கொஞ்சம் வெளியே வரை வைத்துக்கொண்டு, அதற்கு அப்பால் இருப்பதை இருட்டாக்கிய பிறகே இந்த மதிப்பெண்ணைக் கணக்கிடுகிறோம்.

பிறகு அறக்கட்டளையின் நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்கி, சளிப் பரிசோதனை முடிவு தெரிந்த பழைய படங்களைப் பெயர் நீக்கி எடுத்துக்கொண்டோம். அவற்றைப் பயிற்சிக்குப் பயன்படுத்தவில்லை. எந்த மதிப்பெண்ணுக்கு மேல் "முதலில் பார்க்க" என்று வைப்பது என்ற ஒரே கேள்விக்காக ஒதுக்கிவைத்தோம்.

அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதற்குக் கணினியில் பதில் இல்லை. இப்படிச் சலித்தெடுக்கும் சோதனை, நோயுள்ளவர்களில் 90 சதவீதத்தினரையாவது பிடிக்க வேண்டும், நோயில்லாதவர்களில் 70 சதவீதத்தினரையாவது சரியாக விட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவு. எழுபது என்றால், நோயில்லாத 100 பேர் வந்தால் 30 பேர் வரை வீணாகச் சளிப் பரிசோதனைக்குப் போவார்கள். அருகிலுள்ள ட்ரூநாட் மெஷினில் (சளியில் டிபி கிருமியைத் தேடுவது, ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு சிப் செலவாகும்) ஒரு நாளைக்கு எத்தனை சோதனை செய்ய முடியும், சிப் எத்தனை கையிருப்பு என்பதைப் பார்த்துத்தான் அந்த முப்பதைத் தாங்க முடியுமா என்று சொல்ல முடியும். டாக்டர் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் கோட்டை வைத்தார். முகாம் நாட்களில் அதைக் கொஞ்சம் தாழ்த்துவார், சிப் தட்டுப்பாடு வந்தால் உயர்த்துவார். இதைப் பார்த்துச் சிலர் முகம் சுளித்தார்கள். என்னைக் கேட்டால் இதுதான் நேர்மையான வழி. கோடு எங்காவது இருக்கத்தான் செய்யும். அதை யார் எதற்காக அங்கே வைத்தார் என்பது தெரிந்திருப்பது நல்லது.

திரையில் என்ன காட்டுவது

முதலில் எல்லா எண்களையும் காட்டினேன். அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த நம்பரை வெச்சு நான் என்ன பண்ணட்டும்? யாரை உட்கார வைக்கணும்னு சொன்னா போதுங்க" என்றார். சரி என்று எண்களை எடுத்துவிட்டேன். எடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 0.62 என்று எழுதியிருந்தால் யாராக இருந்தாலும் 62 சதவீதம் நோய் என்றுதான் படிப்பார்கள். இந்த நூலகத்தில் ஒவ்வொரு நோய்க்கும் அதன் வெட்டுப்புள்ளி 0.5-ல் வந்து நிற்கும்படி மதிப்பெண்ணை இழுத்துச் சரிசெய்திருக்கிறார்கள். அது பாதி வாய்ப்பு என்ற அர்த்தம் இல்லை.

வெப்பப் படத்தையும் எடுத்துவிட்டேன். எந்த இடத்தைப் பார்த்து மாடல் சந்தேகப்பட்டது என்று சிவப்பும் மஞ்சளுமாகக் காட்டும் அந்தப் படம் பார்க்க அழகாக இருக்கும், நன்கொடையாளர்களுக்குக் காட்டத் தோதாக இருக்கும். ஆனால் மாடலின் கடைசி அடுக்கில் இருப்பது 7-க்கு 7 கட்டம்தான். 35 சென்டிமீட்டரில் ஒரு கட்டம் 5 சென்டிமீட்டர். அதைப் பெரிதாக்கி ஓரங்களை மழுக்கினால் ஏதோ துல்லியமாகச் சுட்டுவது போலத் தோற்றம் வரும். ரேடியாலஜிஸ்ட்டும் "அது என் கண்ணை இழுக்குது, வேண்டாம்" என்றார்.

இப்போது திரையில் மூன்றே வார்த்தைகள்: "முதலில் பார்க்க", "வரிசையில்", "படிக்கவில்லை". "நார்மல்" என்ற வார்த்தை எங்கேயும் இல்லை. அதைப் போடச் சொல்லி நிர்வாகத்தில் கேட்டார்கள். டாக்டர் பிடிவாதமாக மறுத்துவிட்டார்.

எதிர்பார்த்த தொல்லை ஒன்று வந்தது. பல வருடம் முன்பு டிபிக்கு மாத்திரை சாப்பிட்டுக் குணமானவர்களின் நுரையீரலில் தழும்பு இருக்கும். பெட்டி அவர்களை ஒவ்வொரு முறையும் முன்னால் தள்ளும். கல் குவாரியில் வேலை செய்தவர்களையும் அப்படியே தள்ளும், கல் தூசியால் வரும் சிலிகோசிஸ் நோயின் மாற்றங்களும் மேல் பகுதியில்தான் வரும். கணினியில் இதற்கு வைத்தியம் தேடி நேரம் செலவழிக்கவில்லை. முன்பு டிபி மாத்திரை சாப்பிட்டதுண்டா, கல் வேலை செய்ததுண்டா என்ற இரண்டு கேள்விகளை அக்கா கேட்டுப் பதிவிடுவார். அது பட்டியலில் படத்தின் பக்கத்தில் தெரியும். வரிசை மாறாது. சிலிகோசிஸ் உள்ளவருக்கு டிபி வரும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம் என்பதால் அவர்களைப் பின்னால் தள்ளுவதும் தப்பு.

ரேடியாலஜிஸ்ட்டுக்குப் படம் போவது இப்போது விபிஎன் (இணையத்துக்குள் பூட்டிய தனி வழி) வழியாக, தரம் இழக்காத ஜேபெக் 2000 சுருக்கத்தில். பெயர் நீக்கும் வசதி ஆர்தாங்க்கிலேயே இருக்கிறது. ஆனால் அது கோப்பின் குறிப்புகளில் உள்ள பெயரைத்தான் நீக்கும். படத்தின் மேலேயே பதிந்துபோன பெயர் அப்படியே இருக்கும். ரீடரின் அமைப்பில் போய் அந்த எழுத்தை நிறுத்தினோம், இடது வலது குறி மட்டும் மிச்சம். சாயங்காலம் இணையம் விழுந்தாலும் பட்டியல் உள்ளேயே தயாராக இருக்கும், வந்ததும் முதலில் பார்க்க வேண்டியவை முதலில் போகும்.

கேசட் எண்

பெட்டி ஓட ஆரம்பித்த பிறகு, பழைய படங்களில் ஒரு சிறு தொகுதியை வாரம் ஒருமுறை தானாகவே மறுபடி ஓட்டி, மதிப்பெண் மாறாமல் வருகிறதா என்று பார்க்க வைத்தேன். மென்பொருள் புதுப்பித்தலில் ஏதாவது உடைந்தால் இதில் தெரியும். இதுவரை ஒன்றும் உடையவில்லை. கூடவே புதுப் படங்களின் சராசரியையும் எழுதிவைத்தேன். அது மெல்ல ஏறிக்கொண்டே வந்தது. ஊரில் டிபி கூடிவிட்டதா என்று டாக்டர் கேட்டார். சளிப் பரிசோதனை முடிவுகள் அப்படிச் சொல்லவில்லை.

டைகாம் கோப்பில் எந்தத் தகட்டில் எடுத்த படம் என்ற எண்ணும் இருக்கும். அதை வைத்துப் பிரித்துப் பார்த்தால், நெஞ்சுக்குப் பயன்படும் கேசட்டுகளில் ஒன்று மட்டும்தான் உயர்ந்திருந்தது. அந்தத் தகட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தோம். மேல் ஓரத்தில் பாஸ்பர் லேசாகத் தேய்ந்து மெல்லிய கீறல்கள். படத்தில் அவை சரியாக வலது நுரையீரல் நுனியின் மேல் வெளிர்ந்த நூல் போல விழுந்துகொண்டிருந்தன. அக்கா தகடு துடைக்கும் திரவத்தால் துடைத்துப் பார்த்தார், தூசி போனது, கீறல் போகவில்லை. அந்தக் கேசட்டின் முதுகில் மார்க்கரால் "கை, கால் மட்டும்" என்று எழுதி வேறு அலமாரியில் வைத்துவிட்டார். புதுத் தகட்டுக்கு விலை கேட்டிருக்கிறோம்.